மோதுவது யாரோடு?

கரிசல் சீமையில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பந்தயத்தில் பாதிச் சண்டை, வண்டி ஓடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. மாட்டின் பருவத்தையும் வளர்த்தியையும் பார்த்துப் பிரிக்கிறார்கள். பெரிய மாட்டுக்கு ஓட வேண்டிய தூரம் அதிகம், பரிசும் அதிகம். திருச்சுழி, அருப்புக்கோட்டை, கமுதி வட்டாரத்தில் ஜோடி மாடு வைத்திருப்பவருக்கு இதுதான் யோசனை. சின்ன மாட்டில் விட்டால் முதல் பரிசு கையில் வந்ததுபோல். பெரிய மாட்டில் விட்டால் நாலாவதாக வருவதே பெரும்பாடு. ஆனால் பெரிய மாட்டில் நாலாவது வந்தது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மதிப்பு இருக்கிறது. சின்ன மாட்டில் முதலாவது வந்தது என்றால், "எதோடு ஓடி வந்தது?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விதான் இன்றைக்கு உலகம் முழுவதும் விளையாட்டுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஜெயித்தாயா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. யாரை ஜெயித்தாய் என்றும் கேட்கிறார்கள். கேட்பதோடு நிற்காமல், அதற்கு மார்க்கும் போடுகிறார்கள். மார்க்கு என்று ஒன்று வந்துவிட்டால், அதைச் சுலபமாக வாங்குவது எப்படி என்று யோசிக்கும் மூளையும் கூடவே வந்துவிடும் அல்லவா? எதிராளியைப் பொறுக்கி எடுப்பது ஒரு தனி வித்தையாக வளர்ந்த கதை இதுதான்.

அமெரிக்கக் காலேஜ்களின் கணக்கு

இந்த வித்தையில் கரை கண்டவர்கள் அமெரிக்காவின் காலேஜ் கூடைப்பந்துக் கோஷ்டிகள். அங்கே முதல் வரிசைப் பிரிவில் மட்டும் 360-க்கு மேற்பட்ட காலேஜ்கள் ஆடுகின்றன. நம் ஊரில் குறுவட்டம், மாவட்டம் என்று பிரித்திருப்பதுபோல அங்கே 30-க்கு மேற்பட்ட சங்கங்களாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு கோஷ்டி ஒரு பருவத்தில் 30 ஆட்டம் போல ஆடும். அதில் 18 அல்லது 20 ஆட்டம் சொந்தச் சங்கத்துக்குள்ளேயே. யாரோடு என்பதைச் சங்கம் தீர்மானிக்கும். மீதிப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் இருக்கிறதே, அதற்கு எதிராளியை அந்தந்தக் காலேஜே தேடிக்கொள்ளலாம்.

பருவத்தின் முடிவில் மார்ச் மாதம் பெரும் போட்டி நடக்கும். 2025-ம் ஆண்டு அதில் 68 கோஷ்டிகளுக்கு இடம். 31 சங்கங்களின் சாம்பியன்கள் நேராக உள்ளே போய்விட்டார்கள். பாக்கி 37 இடங்களை ஒரு கமிட்டி உட்கார்ந்து நிரப்பியது. அந்த 37-ல் ஒன்றாக வருவதற்கும் 38-வதாக நின்றுபோவதற்கும் உள்ள வித்தியாசம் பணத்திலும் பேரிலும் மிகப் பெரிது.

கமிட்டி எப்படிப் பொறுக்குகிறது? 1981-ம் ஆண்டு ஒரு சூத்திரம் கொண்டுவந்தார்கள். ஒரு கோஷ்டியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 பங்கு. அது எதிர்த்து ஆடிய கோஷ்டிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 பங்கு. அந்த எதிராளிகளின் எதிராளிகளுக்கு 25 பங்கு. கூட்டிப் பாருங்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு மார்க்கு, மற்றவர்கள் ஜெயித்ததைப் பொறுத்தது! நாம் உழுதது கால் பங்கு, பக்கத்து வயல்காரன் உழுதது முக்கால் பங்கு என்பதுபோல.

நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான். சோப்ளாங்கிகளாகக் கூப்பிட்டு வைத்து உதைத்துவிட்டு மார்தட்டக் கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் கணக்குத் தெரிந்த கோச்சுகள் இதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 150-வது இடத்தில் இருக்கும் கோஷ்டியையும் ஜெயிக்கலாம், 330-வது இடத்தில் இருக்கும் கோஷ்டியையும் ஜெயிக்கலாம். கஷ்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சூத்திரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே கடைசி வரிசைக்காரர்களை ஒதுக்கிவிட்டு, தங்களிடம் தோற்கக்கூடிய, ஆனால் தங்கள் சொந்தச் சங்கத்தில் நிறைய ஜெயிக்கக்கூடிய கோஷ்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். பலம் குறைந்த சங்கத்தின் பலமான கோஷ்டி! பார்வைக்கு வீரம், உள்ளே பத்திரம்.

2018-ல் அந்தச் சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது கொண்டுவந்தார்கள். இப்போது எதிராளிகளை நாலு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். இதில் இடத்துக்கும் மதிப்பு உண்டு. சொந்த ஊரில் ஆடினால் முதல் 30 இடத்துக்குள் இருப்பவரை ஜெயித்தால்தான் முதல் வகுப்பு வெற்றி. எதிராளியின் ஊருக்கே போய் ஆடினால் 75-வது இடம் வரை இருப்பவரை ஜெயித்தாலும் முதல் வகுப்பு. அசலூர் மைதானத்தில் போய் ஆடியவர்களுக்கு இந்த நியாயம் உடனே புரியும். ஜனங்களின் கூச்சல், புது மண், உள்ளூர் நடுவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரமும் நடக்கிறது. பெரிய காலேஜ், சின்னக் காலேஜைப் பணம் கொடுத்துத் தன் மைதானத்துக்கு வரவழைக்கும். வந்து ஆடிவிட்டுப் போக வேண்டும். பெரும்பாலும் தோற்றுவிட்டுப் போக வேண்டும். சின்னக் காலேஜுக்கு அந்தப் பணத்தில் வருஷச் செலவில் ஒரு பகுதி கழிந்துவிடும்.

2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி அப்படி ஒரு ஆட்டம். நாட்டில் முதல் இடத்தில் இருந்த கென்டக்கி சர்வகலாசாலை, எவான்ஸ்வில் என்ற சின்னக் காலேஜுக்கு 90 ஆயிரம் டாலர் கொடுத்துக் கூப்பிட்டிருந்தது. அன்றைய மதிப்பில் 60 லட்ச ரூபாய்க்கு மேல். வந்தவர்கள் 67-64 என்று கென்டக்கியை அதன் சொந்த அரங்கத்திலேயே தோற்கடித்துவிட்டு, பணத்தையும் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்! இதைவிட வேடிக்கை, அதே பருவத்தில் எவான்ஸ்வில் தன் சங்கத்துக்குள் ஆடிய 18 ஆட்டத்திலும் தோற்றது. ஆக, எதிராளியைப் பொறுக்குவதில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தாலும் பந்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரிவதில்லை.

இதில் உண்மையில் பாவப்பட்டது யார் என்றால், நன்றாக ஆடும் சின்னக் காலேஜ்தான். அதை ஜெயித்தால் பெரிய காலேஜுக்குப் பெருமை இல்லை. தோற்றாலோ அவமானம். ஆகவே யாரும் அதோடு ஆட வருவதில்லை. ஆடாமல் மார்க்கு வருவதில்லை. மார்க்கு இல்லாமல் கமிட்டி திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்னையில் நடந்த விஷயம்

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இதே விவகாரம் நம் சென்னைப் பட்டணத்திலேயே நடந்திருக்கிறது. அதிலிருந்து ஓர் உலகச் சாம்பியனும் வந்திருக்கிறார்.

சதுரங்கத்தில் உலகச் சாம்பியனோடு மோதுவதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்க எட்டுப் பேர் கொண்ட போட்டி ஒன்று நடக்கும். 2024-ம் ஆண்டு ஏப்ரலில் கனடாவின் டொரான்டோ நகரில் நடந்த அந்தப் போட்டிக்கு, 2023 டிசம்பர் பிறந்தபோது இரண்டு இடம் மட்டும் காலியாக இருந்தது. ஒன்று, வருஷம் முழுவதும் பல போட்டிகளில் சேர்த்த புள்ளிகளின்படி. இன்னொன்று, 2024 ஜனவரி ஜாபிதாவில் மதிப்புப் புள்ளி அதிகமாக உள்ளவருக்கு.

முதல் வழியில் சென்னைப் பையன் குகேஷும் ஹாலந்துக்காரர் அனிஷ் கிரியும் நெருங்கி நின்றார்கள். இந்தப் புள்ளிக் கணக்கில்தான் சூட்சுமம். ஒரு போட்டியில் முதலாவதாக வந்தால் இத்தனை என்று பொதுப்படையாகக் கொடுப்பதில்லை. அதில் ஆடுகிறவர்களில் மேலே உள்ள எட்டுப் பேரின் சராசரி பலத்தைக் கணக்கிட்டு, அதற்குத் தக்கபடி புள்ளி. பலமான ஆட்களோடு ஆடினால்தான் பயன். ஆனால் வருஷமோ முடியப்போகிறது. பலமான போட்டி கைவசம் இல்லை.

தமிழ்நாடு சர்க்காரின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அந்தச் சமயத்தில் ஒரு போட்டியை உண்டாக்கியது. டிசம்பர் 15-ந் தேதி முதல் 21-ந் தேதி வரை சென்னையில். பரிசுத் தொகை 50 லட்சம் ரூபாய். எட்டே பேர். குகேஷ், அர்ஜுன் எரிகைசி, ஹரிகிருஷ்ணா ஆகிய மூன்று இந்தியர்கள். வெளியிலிருந்து லெவன் அரோனியன், பர்ஹாம் மக்சூத்லு, பாவெல் எல்யானோவ், சனான் ஷுகிரோவ், அலெக்சாந்தர் பிரெட்கே. ஏழு சுற்று முடிவில் குகேஷும் அர்ஜுனும் ஆளுக்கு நாலரைப் புள்ளி. சமமாக வந்தால் தீர்மானிக்கும் விதிப்படி குகேஷ் முதலாவது. பிறகு மாதக் கடைசியில் சாமர்கண்டில் நடந்த அதிவேகப் போட்டிகளில் கிரியால் தேவையான இடத்தைப் பிடிக்க முடியவில்லை. டொரான்டோ டிக்கெட் குகேஷுக்குக் கிடைத்தது.

"சர்க்கார் பணத்தில் ஒரே ஒரு பையனுக்காக நடத்திய போட்டி" என்று வெளிநாட்டில் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. போட்டி அறிவிக்கப்பட்டது கடைசி நேரத்தில். கிரிக்கு இப்படி அவசரமாக ஒரு போட்டி நடத்தித் தர எந்தச் சர்க்காரும் வரவில்லை. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அரோனியனோ மக்சூத்லுவோ தோற்பதற்காகக் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. சறுக்கினால் குகேஷைக் கவிழ்த்துவிடக்கூடியவர்கள். அர்ஜுன் கடைசிவரை கூடவே ஓடி வந்ததே அதற்குச் சாட்சி. போட்டி ஏற்பாடு செய்யப்பட்டதுதான். முடிவு ஏற்பாடு செய்யப்பட்டதில்லை.

பிரான்சில் நடந்த மறுபக்கம்

இன்னொரு இடத்துக்கு நடந்த ஓட்டத்தை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். மதிப்புப் புள்ளியில் அமெரிக்காவின் வெஸ்லி சோ சற்று முன்னே. பிரான்சின் அலிரேசா பிரூஜா சற்றுப் பின்னே. ஜனவரிக்குள் சில புள்ளிகளைத் தேற்றியாக வேண்டும்.

சதுரங்க மதிப்புப் புள்ளிக் கணக்கை வகுத்தவர் அர்பாத் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் புரொபசராக இருந்தவர். 1970-ல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவர் முறையை ஏற்றது. பலசாலியை ஜெயித்தால் அதிகப் புள்ளி, பலவீனனை ஜெயித்தால் சொற்பப் புள்ளி, பலவீனனிடம் தோற்றால் பலத்த அடி. நியாயமான தராசு. ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. இருவருக்கும் 400 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் 400 என்றே கணக்கில் கொள்ளப்படும். அதனால் உச்சியில் இருப்பவர் எவ்வளவு கீழே உள்ளவரை ஜெயித்தாலும் 0.8 புள்ளி உறுதி. பத்துப் பேரை ஜெயித்தால் 8 புள்ளி. ஒரே ஒரு ஆட்டம் டிரா ஆனால் நாலு புள்ளிக்கு மேல் காலி. சில்லறை சேர்ப்பது மாதிரிதான். உண்டியல் உடைந்தால் போச்சு.

பிரூஜாவுக்காக சார்த்ர் நகரில் அவசரமாக ஆட்டங்கள் ஏற்பாடாயின. எதிராளிகள், வயதான, மதிப்புப் புள்ளி இறங்கிக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்கள். அதிலும் ஓர் ஆட்டம் டிராவாகி உண்டியல் உடைந்தது. சம்மேளனமும் இதெல்லாம் என்ன ஆட்டம் என்று கேள்வி எழுப்பியது. உடனே அவர் ரூவான் நகரில் நடந்த பொதுப் போட்டி ஒன்றில் போய்ச் சேர்ந்து, தம்மைவிட வெகுவாகக் கீழே இருந்தவர்களோடு ஆடி, ஏழுக்கு ஏழு ஜெயித்தார். ஜனவரி ஜாபிதாவில் அவருக்கு 2760. வெஸ்லி சோவுக்கு 2757. மூன்றே புள்ளி!

டொரான்டோவில் இருவழியாக வந்தவர்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஏழாவது சுற்றில் பிரூஜா ஜெயித்தார். 14 சுற்றில் குகேஷ் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். பதின்மூன்றாவது சுற்றில் குகேஷ் பதிலுக்கு ஜெயித்துத் தனியாக முன்னே போனார். கடைசியில் குகேஷ் 9 புள்ளியோடு முதலாவது, பிரூஜா 5 புள்ளியோடு ஏழாவது.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்தது. 2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று ஜெயித்து, 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அன்று எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரன் எப்படி அங்கே வந்தார்? 2022 மார்ச்சில் ரஷ்யாவின் கர்யாகினுக்குத் தடை விதிக்கப்பட்டு ஓர் இடம் காலியானது. மதிப்புப் புள்ளியில் முன்னே இருந்தவர் டிங். ஆனால் குறிப்பிட்ட காலத்தில் 30 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. அவரோ நாலு ஆட்டம்தான் ஆடியிருந்தார். சீனா ஒரே மாதத்துக்குள் உள்நாட்டிலேயே போட்டிகளை ஏற்பாடு செய்து 26 ஆட்டத்துக்கு மேல் ஆட வைத்தது. அந்த வழியாக உள்ளே வந்தவர்தான் 2023-ல் உலகச் சாம்பியன் பட்டத்தையே வாங்கினார். ஆக, சிங்கப்பூர் மேஜையின் இருபுறமும் உட்கார்ந்திருந்த இருவருமே கடைசி நேரத்தில் சொந்த நாட்டில் உண்டாக்கப்பட்ட போட்டியின் புண்ணியத்தால் வந்தவர்கள்.

சம்மேளனம் விதியை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆட்டக்காரர்கள் சந்து தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 2025-ல் அமெரிக்காவின் ஹிகாரு நகமுராவுக்கு மதிப்புப் புள்ளி ஏராளம், ஆட்ட எண்ணிக்கைதான் குறைவு. உலகின் முதல் வரிசை ஆட்டக்காரரான அவர் லூசியானா, அயோவா என்று மாகாண அளவுப் போட்டிகளுக்குப் போய் உள்ளூர் ஆட்டக்காரர்களோடு ஆடி எண்ணிக்கையைத் தேற்றினார். உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தோஷம், பேரனுக்குச் சொல்லக் கதை ஆயிற்று. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து 2650 புள்ளிக்கு மேல் உள்ளவர்களுக்கு அந்த 400 புள்ளிச் சலுகையைச் சம்மேளனம் நீக்கிவிட்டது.

கால்பந்தில் ஒரு விபரீதம்

கால்பந்து கதை இதற்கு நேர்மாறு. அங்கே ஆடாமல் இருப்பதே லாபம் என்று ஒரு காலம் இருந்தது. 2018-க்கு முன்னால் உலகத் தர வரிசை சராசரிக் கணக்கில் போடப்பட்டது. நட்பு ஆட்டத்துக்கு மதிப்புக் குறைவு. ஆகவே ஜெயித்தால்கூடச் சராசரி இறங்க இடமுண்டு. போலந்து நட்பு ஆட்டங்களை ஏறக்குறைய அடியோடு தவிர்த்து, 2018 உலகக் கோப்பைக்கு முதல் வரிசைக் கோஷ்டியாகப் போய் உட்கார்ந்தது. போட்டியிலோ தன் பிரிவில் கடைசி. அந்த வருஷமே கால்பந்துக்காரர்களும் ஈலோவின் முறைக்கு மாறினார்கள்.

நம் இந்தியக் கோஷ்டி 2015 மார்ச்சில் 173-வது இடம். 2017 ஜூலையில் 96-வது இடம். இரண்டேகால் வருஷத்தில் இப்படி ஒரு பாய்ச்சல். கோச் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் காலத்தில் கம்போடியா, நேபாளம், மொரீஷியஸ் போன்ற, சமாளிக்கக்கூடிய எதிராளிகளோடு ஆடினோம், ஜெயித்தோம், ஏறினோம். மேலே ஏறியதால் ஆசியப் போட்டிகளுக்குக் குலுக்கும்போது கொஞ்சம் வசதி கிடைத்தது வாஸ்தவம். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று ஜெயித்தோம். அப்புறம் ஐக்கிய அரபு நாட்டிடமும் பஹ்ரைனிடமும் தோற்று முதல் சுற்றோடு திரும்பினோம். 2025 கடைசியில் தர வரிசை 140-க்கும் கீழே போயிற்று. சுலபமான எதிராளியைத் தேடியதால்தான் இப்படி என்று நான் சொல்லமாட்டேன். காரணங்கள் வேறு பல உண்டு. ஆனால் ஏணியில் ஏறியதை மாடி கட்டியதாக நினைத்துக்கொண்டோம் என்பது என் அபிப்பிராயம்.

பலசாலியை வீட்டுக்கு அழைப்பது

தமிழ்நாட்டில் இன்னொரு நல்ல வழக்கமும் வெகுகாலமாக இருக்கிறது. வலிய எதிராளியை நம் ஊருக்கே வரவழைப்பது. பெரியகுளத்திலும் கோவையிலும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். ராணுவம், கடற்படை, பாங்குக் கோஷ்டிகள் எல்லாம் வந்து ஆடுகின்றன. உள்ளூர்ப் பையன்கள் இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்றாலும், தோற்றது யாரிடம் என்று நிமிர்ந்து சொல்லலாம். கிரிக்கெட்டிலே புச்சிபாபு கோப்பைக்கு வெளி மாநிலக் கோஷ்டிகளைக் கூப்பிடுவதும் இதே காரியந்தான். சில வருஷம் நின்றிருந்த அந்தப் போட்டியை 2023-ல் மறுபடி தொடங்கினார்கள்.

சதுரங்கத்திலும் அப்படித்தான் நடந்தது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் 1961-ல் அந்தப் பட்டம் பெற்றார். முதல் கிராண்ட்மாஸ்டர் வருவதற்கு அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மூளை இல்லாமலா? எதிராளி இல்லாமல். கிராண்ட்மாஸ்டர் ஆவதற்குப் பொதுவாக மூன்று போட்டிகளில் குறிப்பிட்ட தரத்தில் ஆட வேண்டும். அந்தப் போட்டியில் மூன்று கிராண்ட்மாஸ்டர்களாவது எதிரே உட்கார வேண்டும். வெளிநாட்டார் இருக்க வேண்டும். எதிராளிகளின் சராசரி 2380 புள்ளிக்குக் குறையக் கூடாது. எதிராளியின் பலத்தை விதியே எழுதி வைத்திருக்கிறது. ஊருக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் ஆயுள் முழுக்க ஆடினாலும் பட்டம் கிடையாது. விஸ்வநாதன் ஆனந்த் அந்தக் கடைசிப் படியைத் தாண்டியது கோவையில், சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியில். 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இன்று இந்தியாவில் 80-க்கு மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு போலத் தமிழ்நாட்டுக்காரர்கள்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எதிராளியைத் தேடி ஹங்கேரிக்கும் செர்பியாவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். அங்கே இதற்கென்றே போட்டிகள் நடக்கின்றன. விதிக்குத் தேவையான கிராண்ட்மாஸ்டர்களைக் கூலி கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். இந்திய வம்சத்து அமெரிக்கப் பையன் அபிமன்யு மிஸ்ரா 2021-ல் புடாபெஸ்டில் மாதக்கணக்காகத் தங்கி, ஒரு போட்டி முடிந்தால் அடுத்த போட்டி என்று ஆடி, 12 வயது 4 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். திறமை இல்லாமல் அது நடக்காது. பணம் இல்லாமலும் நடக்காது.

திருச்சுழிப் பையனின் கணக்கு

திருச்சுழிப் பக்கம் இந்த விவகாரம் எப்படி இருக்கிறது? பூமிநாதர் கோயில் ஊர். குண்டாற்றில் மழை பெய்தால்தான் தண்ணீர். 1879-ல் இங்கே பிறந்த ரமண மகரிஷி, மதுரையில் படித்த காலத்தில் பாடப் புத்தகத்தைவிடக் கால்பந்திலும் குஸ்தியிலும்தான் அதிக ஆசை வைத்திருந்தார் என்று அவர் சரித்திரம் சொல்கிறது. இன்றைக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் பையன்களுக்கு ஆசைக்குக் குறைவில்லை. சடுகுடு ஆடாத ஊர் இல்லை.

ஆனால் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இங்கே பஸ் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. சதுரங்கம் பழகிய பையனுக்கு மதிப்புப் புள்ளி ஜாபிதாவில் பேர் ஏற வேண்டுமானால், ஏற்கனவே புள்ளி உள்ள ஐந்து பேரோடாவது ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் முதல் அதற்கு 1400 புள்ளித் தரமாவது காட்ட வேண்டும். அப்படிப்பட்ட ஐந்து பேர் பக்கத்துத் தெருவில் இருக்க மாட்டார்கள். மதுரைக்கோ கோவைக்கோ போக வேண்டும். நுழைவுக் கட்டணம், கூடவே போகும் தகப்பனாரின் இரண்டு நாள் கூலி, தங்குகிற செலவு எல்லாம் சேரும்.

பள்ளிக்கூடக் கோஷ்டிகளுக்குச் சர்க்கார் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கின்றன. அதில் எதிராளியை யாரும் பொறுக்க முடியாது. சனி ஞாயிறுகளில் ஆடும் பழகு ஆட்டத்துக்குத்தான் டிரில் மாஸ்டருக்குச் சுதந்திரம். பக்கத்து ஊரோடு ஆடினால் செலவில்லை, ஜெயிக்கவும் செய்யலாம். சிவகாசிக்கோ மதுரைக்கோ போய் ஆடினால் உதை வாங்கலாம், ஆனால் மாவட்டப் போட்டியில் பையன்கள் மிரள மாட்டார்கள். எது சரி என்று எல்லா டிரில் மாஸ்டருக்கும் தெரியும். வேன் வாடகை யார் கொடுப்பது என்பதுதான் தெரியாது.

இதில் பையன்களின் பிழைப்பும் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் காலேஜ் சேர்க்கையில் விளையாட்டுக்காரர்களுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் 3 சதவீதம். இங்கேயும் கேள்வி, எத்தனை கோப்பை என்பது இல்லை. எந்தப் போட்டியில், எந்த அளவில், யார் நடத்தியதில் என்பதுதான். மாநிலத்துக்கும் தேசத்துக்கும் ஆடிய சர்ட்டிபிகேட்டுக்குத்தான் மார்க்கு. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊர் ஊராகப் போய் ராத்திரி முழுக்கச் சடுகுடு ஆடி, வீட்டுப் பரணில் பதினைந்து கோப்பை அடுக்கி வைத்திருக்கும் பையன், காலேஜ் சீட்டுக்கு அந்தப் பதினைந்தில் ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறிய பையனிடம் அதற்கான காகிதம் இருக்கிறது.